பின்னல் அவிழும் வரை

பாவடித் தெருவின் கோலாட்டக் கொட்டகை வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'புதியவர்களை இருகரம் நீட்டி வரவேற்கிறோம்' என்று நீலப் பெயிண்டில் எழுதி, கீழே இரண்டு கைகளையும் வரைந்திருந்தார்கள். உள்ளங்கைகள் முன்னால் தெரியும்படி வரைந்திருந்ததால், அந்தக் கைகள் வா என்கின்றனவா, நில் என்கின்றனவா என்பது விளங்கவில்லை. பூமிநாதன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அண்ணாந்து பார்த்தான். காலையில் வா என்பது போல இருந்தது. சாயங்காலம் நில் என்பது போல இருந்தது. வெயில் படுகிற கோணம் காரணமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மானாவாரிக் காடு. அடுத்தடுத்து மழை பொய்த்ததும், கம்பும் இல்லை, கம்பந்தட்டையும் இல்லை என்றாகி, மனைவி செல்லக்கிளியையும் ஒரு பித்தளைக் குடத்தையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினான். பஞ்சுக் கிட்டங்கியில் மூடை தூக்கும் வேலை கிடைத்தது. குடியிருக்க, பாவடித் தெருவின் கடைசியில் ஓர் அறை கிடைத்தது. நெசவாளர் தெரு. வீட்டுக்குள் கன்னடம், வாசலுக்கு வெளியே தமிழ். காலையில் தெரு நெடுகத் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு கோழி குறுக்கே போனால்கூட, அது யார் வீட்டுக் கோழி, எதற்காக இந்தப் பக்கம் வந்தது என்று விசாரிப்பார்கள்.

தெரு நடுவில் ஒரு கிணறு இருந்தது. சுற்று வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். இது ஒன்றுதான் இனிப்பு. சித்திரையிலும் வற்றாது. கோலாட்டக் கழகத்தில் உறுப்பினராக உள்ள வீட்டுக்குத்தான் அந்தக் கிணற்றில் முறை உண்டு. கோலாட்டத்துக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது. ஒரு காலத்தில் தெருவார் எல்லாரும் ஆடினார்கள். ஆகவே ஆடுகிறவர்கள் எல்லாரும் தெருவார். ஆகவே ஆடாதவன் வெளியாள். வெளியாள் கிணற்றைத் தொடக்கூடாது. இதில் எங்கேயோ ஓர் ஓட்டை இருப்பதாகப் பூமிநாதனுக்குத் தோன்றியது. ஆனால் அவன் அதிகம் படித்தவன் இல்லை; ஓட்டை தன் தலையில்தான் இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டான்.

செல்லக்கிளிக்கு அப்போது ஐந்தாம் மாதம். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் உள்ள, உப்புக் கொஞ்சம் குறைந்த கிணற்றுக்குப் போய்த்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். விடிவதற்கு முன் பூமிநாதன் ஒரு நடை போய் வருவான். அது சமையலுக்குச் சரியாகிவிடும். மற்றதற்கு அவள்தான் போனாள்.

"அந்த ஆட்டத்துல சேந்துட்டா நமக்கும் முறை குடுப்பாகளாம். சௌடம்மாக்கா சொன்னாக" என்றாள் ஒருநாள்.

"எனக்கு ஆடத் தெரியாதே."

"ஆடுறவுகளையும் நான் பாத்திருக்கேன். நீங்க தாராளமாப் போகலாம்."

சௌடம்மாள் என்பவள் வீட்டுக்காரி. அவள் கணவர் ராஜகுரு, கழகத்தின் புதியோர் வரவேற்புக் குழுத் தலைவர். ராஜகுருவுக்கு எதையும் நம்பாமல் இருப்பது ஒரு பயிற்சி. பால்காரர் ஒருநாள் தண்ணீர் கலக்காமல் பால் ஊற்றிவிட்டதற்கு, ஏன் கலக்கவில்லை என்று வாசலில் நிறுத்தி விசாரித்தவர். பூமிநாதனுக்கு அறையை வாடகைக்கு விட்டதுகூட இரக்கத்தால் இல்லை. வெளியூர் ஆள் ஒருவன் எப்படியும் இந்தத் தெருவில் நுழையத்தான் போகிறான், நுழைகிறவன் தன் கண் முன்னால் இருக்கட்டும் என்ற முன்யோசனை.

அவர் தன் வீட்டு நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூமிநாதனை நிற்க வைத்து வரவேற்பைத் தொடங்கினார்.

"எதுக்குச் சேரணும்கிறே?"

தண்ணீர் என்று சொல்லக் கூடாது என்று செல்லக்கிளி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஆட ஆசைங்க அண்ணாச்சி."

ராஜகுரு பேனாவை மூடி வைத்தார்.

"ஆசையா. இந்தத் தெருவுல ஒருத்தனுக்கும் ஆட ஆசை கிடையாது. எங்க அப்பா ஆடுனாரு, நான் ஆடுறேன். முழங்கால் போச்சு. ஆசைப்பட்டு ஒருத்தன் வாரான்னா, அவனை யாரோ அனுப்பியிருக்கணும்."

"யாரும் அனுப்பலீங்க."

"அனுப்புனவன் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பான்."

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பாவடித் தெருவார் ஆடுவது பின்னல் கோலாட்டம். கொட்டகை நடுவில் ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து பல நிறத்தில் நூல் கயிறுகள் தொங்கும். ஆளுக்கொரு கயிற்றை இடது கையில் பிடித்து, வலது கையில் கோல் வைத்து, எதிரே வருகிறவன் கோலில் தட்டியபடி உள்ளும் புறமுமாக மாறி மாறி ஓடினால், கயிறுகள் கம்பத்தைச் சுற்றிச் சடையாகப் பின்னிக்கொண்டே வரும். பிறகு வந்த வழியே திரும்பி ஆடினால் பின்னல் அவிழும். அதில் நாகப்பின்னல் என்பது தங்கள் தெருவுக்கு மட்டுமே தெரியும் என்று பாவடித் தெருவார் நம்பியிருந்தார்கள். சில வருஷங்களுக்கு முன் கீழத்தெருக்காரர்கள் தங்கள் பண்டிகையில் அதைப் போட்டுவிட்டார்கள். எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே போடுகிறோம் என்றும் சொன்னார்கள். ஆகவே ஒற்றன் ஒருவன் வந்து திருடிப் போயிருக்கிறான் என்பது உறுதியானது. அவன் யார் என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாததே அவன் கைதேர்ந்த ஒற்றன் என்பதற்கு அத்தாட்சி ஆயிற்று. அன்றுதான் புதியோர் வரவேற்புக் குழு அமைக்கப்பட்டது. அதற்குப் பிறகு புதியவர் ஒருவர்கூடச் சேரவில்லை என்பதைக் குழு தன் வெற்றியாக ஆண்டுதோறும் அறிவித்து வந்தது.

பூமிநாதன் அறைக்கு வந்து சுவரில் சாய்ந்து யோசித்தான். நம்மை யாராவது அனுப்பியிருக்கக்கூடுமோ? மழை அனுப்பியது. அதாவது பெய்யாத மழை. பஞ்சுக் கிட்டங்கியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னவன் செல்லக்கிளியின் அண்ணன். அவனுக்குக் கீழத்தெருவில் யாராவது பழக்கமா என்று அவளிடம் கேட்டான்.

"எங்கண்ணனுக்கா? அவனுக்கு அவன் வீட்டுலயே பழக்கம் பத்தாது" என்றாள்.

கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. முழுக்க இல்லை.

அடுத்த தடை கணக்கில் வந்தது. கோலாட்டம் ஜோடி ஆட்டம். இரட்டைப்படையில்தான் ஆள் வேண்டும். ஒருவனைச் சேர்த்தால் ஒற்றை ஆகிவிடும். புதியவனுக்கு எதிர்க்கோல் பிடிக்கப் பழைய ஆள் யாரும் முன்வர மாட்டார்கள். ஆகவே இன்னொரு புதியவனையும் கூட்டிக்கொண்டு வா என்றார் ராஜகுரு.

பூமிநாதன் தேடிப் பிடித்த ஆள் பெயர் தனுஷ்கோடி. வீரசோழன் ஊர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தெருமுனையில் குடியிருந்து, பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். வயதில் மூத்தவர்; எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். "கோல்தானப்பா, தட்டிட்டுப் போறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

இந்த முறை கழகத் தலைவர் வேங்கடபதியே கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். நூல் வியாபாரி. ஆட்சி மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மேடைப் பேச்சு ஊரெங்கும் பரவியிருந்தது. வேங்கடபதிக்கு அது கடுமையாகவே பிடித்திருந்தது. நூல் சிட்டம் விலை சொல்லும்போதுகூட அடுக்குமொழியில் சொல்வார்.

"பேரு?" என்றார் ராஜகுரு.

"தனுஷ்கோடி."

"அந்த ஊரே கடலுக்குள்ள போயிருச்சு. நீ மட்டும் எப்படி இங்க வந்தே?"

"நான் ஊரு இல்லீங்க. ஆளு."

ராஜகுரு அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே பழக்கமா?"

"இல்லீங்க, முந்தாநேத்துதான் பாத்தோம்" என்றான் பூமிநாதன்.

"பழக்கமில்லாத ஆளுக்கு எப்படி எதிர்க்கோல் பிடிப்பே? நாளைக்கு மண்டையில போட்டுட்டான்னா?"

"இனிமே பழகிக்கிறோம்ங்க."

"ரெண்டு புதுப்பயலுக எங்களுக்குத் தெரியாமப் பழகுனா அதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்று ராஜகுரு தலைவர் பக்கம் திரும்பினார். தலைவர் கண்ணை மூடி, "சதி" என்றார்.

ஆகவே இருவரும் ஒருவரோடொருவர் பழக வேண்டும், ஆனால் வரவேற்புக் குழுவின் முன்னிலையில் மட்டுமே பழக வேண்டும் என்று முடிவாயிற்று. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் ராஜகுருவின் வீட்டு நடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பழகினார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் பெரும்பாலும் சும்மா இருந்தார்கள். பேசாமலே புரிந்துகொள்கிறார்கள் என்று ராஜகுரு தலைவரிடம் தெரிவித்தார்.

தை பிறந்ததும் கொட்டகையில் பயிற்சி தொடங்கியது. புதியவர்கள் பயிற்சிக்குத் தவறாமல் வர வேண்டும் என்பது விதி. ஆனால் வரவேற்கப்படும் வரை ஆட்டத்தைப் பார்க்கக்கூடாது என்பதும் விதி. இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி செய்தார்கள். கொட்டகைச் சுவர் ஓரம் ஒரு பெஞ்சு போட்டு, இருவரையும் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஆட்டம் நடந்தது. பூமிநாதன் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தபடி கோல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். தனுஷ்கோடி உட்கார்ந்தபடியே தூங்கினார். குறட்டை தாளத்தோடு ஒத்துப்போனது பற்றி ஒரு தனி விசாரணை நடந்தது.

முதுகைப் பார்த்தால் முகம் தெரியாது அல்லவா? முகத்தில்தானே கள்ளம் தெரியும்? ஆகவே ராஜகுரு, தான் ஆடுவதை நிறுத்திவிட்டு, சுவருக்கும் பெஞ்சுக்கும் இடையில் ஸ்டூல் போட்டு அவர்கள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். சில நாள் கழித்து, ராஜகுரு மட்டும் தனியாக அவர்களோடு இருப்பது முறையா என்று தலைவருக்கு ஒரு நெருடல் வந்தது. அவர் ராஜகுருவைக் கவனிக்க இன்னொரு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். தலைவரே அங்கே போய்விட்டார், என்னமோ நடக்கிறது என்று மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மாசி முடிவதற்குள் கம்பத்தின் கயிறுகள் சும்மா தொங்கின. மேளக்காரர் மட்டும் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார். கழகம் முழுவதும் சுவர் ஓரம் நின்று இரண்டு பேருடைய முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் சிரிச்சே?" என்றார் ராஜகுரு ஒருநாள்.

"பல்லி விழுந்துச்சுங்க அண்ணாச்சி."

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"கிழக்கால."

"கீழத்தெரு எந்தப் பக்கம் இருக்கு?"

இந்தப் பல்லியை முன்பே எங்கேயாவது பார்த்திருக்கிறோமா என்று பூமிநாதன் யோசித்தான்.

அன்று அறைக்குத் திரும்பியபோது பித்தளைக் குடம் வயிற்றில் நசுங்கிக் கிடந்தது. செல்லக்கிளி முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுல லாரி வந்துச்சு. ஒதுங்குனேன், கால் இடறிருச்சு. குடந்தான் விழுந்துச்சு. நான் உக்காந்துட்டேன்."

"வயித்துல கியித்துல…"

"ஒண்ணுமில்லைங்கிறேன்ல." பற்றைத் தடவியபடி கேட்டாள்: "மருத்துவச்சி இனிமே குடமே தொடக்கூடாதுங்குது. பங்குனிக்குள்ள உங்களை வரவேத்துருவாகளா?"

பூமிநாதன் குடத்தைத் திருப்பி, உள்ளே கையை விட்டு நசுங்கிய இடத்தை வெளியே தள்ளிப் பார்த்தான். அது அசையவில்லை.

மறுநாள் காலை சௌடம்மாள் தன் முறைத் தண்ணீரில் ஒரு செம்பு கொண்டுவந்து அறை வாசலில் வைத்தாள். போகும்போது, "எங்க வீட்டுக்காரர் பாத்தா உப்புத் தண்ணின்னு சொல்லிரு தாயி. அவரு நம்ப மாட்டாரு, ஆனாலும் சொல்லிரு" என்றாள்.

ஒருவழியாக வரவேற்புக்கு நாள் குறித்தார்கள். பங்குனிப் பொங்கலன்று, வெயில் தாழும் நேரத்தில், அம்மன் கோயில் முன்னால், ஊர் அறிய. அன்றைக்குத் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்டக்காரர்கள் கயிற்றைக் கையில் எடுத்தது முதல் பின்னல் அவிழும் வரை, தெருவைச் சேர்ந்த யாரும் கிணற்றில் வாளி இறக்கக்கூடாது. வீட்டிலிருந்த தண்ணீரெல்லாம் காலையிலேயே வாசல் தெளிக்கவும் பொங்கல் பானைக்கும் போய்விடும். ஆட்டம் முடிந்த பிறகுதான் புதுத் தண்ணீர். அதுவரை தொண்டை காய்வது அம்மனுக்குச் செலுத்தும் மரியாதை. எப்போதும் பொங்கல் கொதித்து இறங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே மரியாதை யாருக்கும் பாரமாக இருந்ததில்லை.

தெருக் கடைசியில் இருந்த கோயில் முன்னால் கம்பம் நட்டிருந்தார்கள். பூமிநாதனுக்கும் தனுஷ்கோடிக்கும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி. கழுத்தில் செவ்வந்தி மாலை. வரவேற்பு மூன்று கட்டமாக நடக்கும் என்று ராஜகுரு விளக்கினார். முதலில் உட்கார வைத்தல். அடுத்து உரை. அதன் பிறகு கழகத்தார் முதல் பின்னலைப் போட்டு அவிழ்த்துக் காட்டிய பின், கயிறு கொடுத்தல். கயிறு கைக்கு வந்த நொடியிலிருந்து அவர்கள் தெருவார். செல்லக்கிளி எதிர்ச் சாரியில், அறையின் வாசற்படியில், நசுங்கிய குடத்தைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

வேங்கடபதி இடது கையில் கயிற்றைப் பிடித்தபடியே பேசினார். பேச்சுக்காக அவர் கயிற்றை விடுவதில்லை.

"வருக வருக என்று வாயார, மனமார, வாசல் திறந்து வரவேற்பது நம் வழக்கம். துங்கபத்திரைக் கரையிலிருந்து நம் முன்னோர் தோளிலே தறியும் விழியிலே நீருமாக ஓடி வந்தபோது, இந்த வறண்ட பூமி அவர்களை 'நீ யார்' என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இல்லை. 'எங்கே வந்தாய்' என்று தடுத்ததுண்டா? இல்லவே இல்லை. தடுத்திருந்தால் நாம் இன்று இங்கே இருப்போமா? இருக்க மாட்டோம். தோழர்களே, அப்படிப்பட்ட கவனக்குறைவு இந்தத் தெருவில் இன்னொரு முறை நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் இந்த வரவேற்புக் குழுவை நாம் கண்டிருக்கிறோம்."

கைதட்டினார்கள். கயிறும் கோலுமாகக் கை நிறைய இருந்ததால் தொடையில் தட்டினார்கள்.

மேளம் எழுந்தது. ஆட்டம் தொடங்கியது. புதியவர்கள் நாற்காலியில் இப்போது நேருக்கு நேராக ஆட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இது கழகத்தாருக்கு வழக்கமில்லாத அனுபவம். உள்ளே ஓடும்போது ஒருவன் பூமிநாதனின் கண்ணைப் பார்த்தான். புறத்தே வரும்போது இன்னொருவன் அவன் காலைப் பார்த்தான், தாளம் போடுகிறதா என்று. தலைவர் தனுஷ்கோடியின் உதட்டைப் பார்த்தார். ராஜகுரு எல்லாவற்றையும் பார்த்தார். எதிரே வருகிறவனை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மேலும், மாசியிலிருந்து பயிற்சியை விட்டுச் சுவர் ஓரம் நின்றவர்கள் அவர்கள். கோல் சத்தத்தில் எங்கேயோ ஒரு தட்டு விழாமல் போனது பூமிநாதனின் காதில் பட்டது. நமக்கு என்ன தெரியும் என்று பேசாமல் இருந்தான்.

பின்னல் வேகமாக இறங்கியது. சடைபோல இறங்க வேண்டியது, சிக்குப் பிடித்த தலைபோல இறங்கியது. கயிறு குட்டையாகக் குட்டையாக ஆட்டக்காரர்கள் கம்பத்தை நெருங்கி, கடைசியில் ஒருவர் முதுகில் ஒருவர் கன்னம் படிய, கம்பத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வேங்கடபதியின் தாடை ராஜகுருவின் தோளில் இருந்தது. மேளம் நின்றது.

"கயிற விட்டுட்டா முடிஞ்சிருச்சே" என்றார் தனுஷ்கோடி நாற்காலியிலிருந்து.

"யாரும் விடக்கூடாது" என்றார் ராஜகுரு கம்பத்துக்குள்ளிருந்து. "இது தானாச் சிக்கல. சிக்க வச்சிருக்காக. எவன் முதல்ல கயிற விடுறானோ அவன்தான் அந்த ஆளு. அவன் வீட்டுக்கு இன்னையோட முறை கிடையாது."

விடலாம் என்று இருந்த விரல்கள் எல்லாம் இறுகின.

"புதுப்பயலுக வேலையா இருக்கும்" என்றது ஒரு குரல்.

"அவனுக நாற்காலியில உக்காந்திருக்கானுக."

"உக்காந்தே கெடுத்திருப்பானுக."

இதை யாராலும் முழுக்க நம்ப முடியவில்லை, ராஜகுருவாலும் முடியவில்லை. அப்படியென்றால் உள்ளே இருக்கும் ஒருவன்தான் புதியவன். இவனா, அவனா என்று பார்ப்பதற்கும் கழுத்து திரும்பவில்லை.

லிங்கம் என்ற இளவட்டம், தலைவரின் அக்குளுக்குக் கீழே மாட்டியிருந்தவன், மெல்லக் கேட்டான்: "தலைவரே, தப்பா நினைக்கக் கூடாது. உங்களை யாரு வரவேத்தாக?"

"ஏலே, என்னையவா கேக்குறே?"

"இல்ல, நீங்க குமாரலிங்கபுரத்துல இருந்து மருமகனாத்தான வந்தீக. எங்கய்யா சொல்லியிருக்காக."

வேங்கடபதி அடுக்குமொழி ஒன்றைத் தேடினார், கிடைக்கவில்லை. "மாமனார் வரவேத்தாரு" என்றார் சாதாரணமாக.

"அவரு குழுவுல இருந்தாரா?"

"அப்பக் குழுவே இல்லைலே."

"குழு இல்லாமலே உள்ள வந்திருக்கீகளா?" என்றார் ராஜகுரு. தன் தோளில் ஒரு சந்தேகத்துக்குரிய தாடை இருப்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார்.

இதற்குள் சேதி பரவி, கீழத்தெருக்காரர்கள் கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். வந்த வழியே திரும்பி ஆடினால் பின்னல் அவிழும்தான். எந்த வழியே வந்தோம் என்பது மறந்துபோயிருந்தது. நினைவு இருந்த ஒன்றிரண்டு பேரும் கீழத்தெருவின் கண் முன்னால் அவிழ்த்துக் காட்டத் தயாராக இல்லை. அவிழ்க்கும் விதம்தானே ரகசியம். மேளக்காரர் இன்னொரு பண்டிகைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். பங்குனி வெயில் சாய்ந்தும் அனல் குறையவில்லை. பொங்கல் கொதித்து இறங்கி ஆறிப்போயிற்று.

"சௌடம்மா" என்று ராஜகுரு குரல் கொடுத்தார். "தொண்டை ஒட்டுது. கொஞ்சம் தண்ணி."

"எங்கிட்டு இருக்கு? பின்னல் அவுரட்டும், எறைச்சுத் தாறேன்" என்றாள் சௌடம்மாள் கோயில் வாசலிலிருந்து. பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். "தெருவாரு நாங்க தொடக்கூடாதுல்ல. நீங்கதான சட்டம் பேசுவீக."

பிறகு, கழகத்தின் கண்கள் எல்லாம், திரும்ப முடிந்த அளவுக்குத் திரும்பி, நாற்காலியில் மாலையோடு இருந்த பூமிநாதன் மேல் விழுந்தன.

"தம்பி" என்றார் வேங்கடபதி. அவர் அவனைத் தம்பி என்பது அதுதான் முதல் தடவை. "அந்தக் கிணத்துல ஒரு வாளி எறைச்சிட்டு வாயேன்."

பூமிநாதன் எழுந்தான். இரண்டு அடி வைத்தான். நின்றான். அவனுக்கு விதிகளை மீறிப் பழக்கமில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாட்களில் அவை நன்றாக மனத்தில் ஏறியிருந்தன.

"நான் தொடக்கூடாதுங்களே. வெளியாளு தொட்டா முறை தப்பிரும்னு அண்ணாச்சி சொன்னாக."

"அதான் இப்ப வரவேத்துர்றோம்ல. தெருவாராயிரு."

"தெருவாராயிட்டா, பின்னல் அவுர வரைக்கும் வாளி இறக்கக்கூடாதே."

ராஜகுரு கண்களை மூடினார். ஒரு விதியைத் தனக்கு முன்னால் வேறொருவன் கண்டுபிடித்துச் சொல்வது அவருடைய பொதுவாழ்வில் இதுவரை நடந்ததில்லை. அதைப் பொறுக்க முடியாமல் அவரே வழியும் கண்டார். கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே கழகத்தின் அவசரக் கூட்டம் கூடியது. பூமிநாதன் என்பவர் இன்றுவரை முழுமையாக வரவேற்கப்படவில்லை என்பதாலும், வரவேற்கப்படாதவரைத் தெருவின் விரதம் கட்டுப்படுத்தாது என்பதாலும், வரவேற்கப்படாதவர் என்ற அந்தஸ்தில், பின்னல் அவிழும் வரை அவர் கிணற்றில் இறைத்துக்கொள்ளலாம் என்று அவர் தீர்மானத்தை வாசித்தார்.

"ஆதரிக்கிறவுக கையைத் தூக்கலாம்" என்றார் தலைவர்.

யாரிடமும் தூக்கக் கை இல்லை. தலையை ஆட்டினார்கள். லிங்கம் ஆட்டியது ஆதரவா, தூக்கமா என்று ராஜகுரு ஆட்சேபம் எழுப்பினார். முதுகில் கன்னம் உரசியதை வைத்து ஆதரவுதான் என்று முன்னால் நின்றவர் சாட்சி சொன்னார். தீர்மானம் நிறைவேறியது.

பூமிநாதன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். வாளிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். கயிறு மற்றக் கயிறுகளைப் போலத்தான் இருந்தது. வாளி கீழே போய்த் தண்ணீரில் பட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கம்பத்தைச் சுற்றி நின்றவர்கள் ஒரே நேரத்தில் எச்சில் விழுங்கினார்கள். அவன் இழுத்தான். நிறைந்த வாளியைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு வந்தான். கம்பத்தருகே வந்தான். கம்பத்தைத் தாண்டினான். எதிர்ச் சாரிக்குப் போய், செல்லக்கிளியின் பக்கத்தில் இருந்த நசுங்கிய குடத்தில் ஊற்றினான்.

அவள் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இனிப்பாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கேட்டாள்: "எத்தனை நாளைக்கு விட்டிருக்காக?"

"பின்னல் அவுர வரைக்கும்."

செல்லக்கிளி கம்பத்தைப் பார்த்தாள். இறுகிய விரல்களைப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த தலைகளைப் பார்த்தாள். படியில் கை ஊன்றி மெல்ல எழுந்தாள்.

"அண்டாவைக் கழுவி வைக்கிறேன். நீங்க பதறாம இறைங்க."

பூமிநாதன் வெறும் வாளியோடு மறுபடியும் கிணற்றடிக்குத் திரும்பினான்.

"ஏலே பூமிநாதா, இங்கிட்டு, இங்கிட்டு" என்றார் வேங்கடபதி.

"வாரேன் தலைவரே. அண்டா நெறையட்டும்."

அவன் கம்பத்தைக் கடந்து போவதை ராஜகுரு ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மறு கண் வேறொருவர் முழங்கையில் அழுந்தியிருந்தது. பல மாதங்களாகத் தேடியது கிடைத்துவிட்ட திருப்தி அவர் குரலில் இருந்தது.

"பாத்தீகளா தலைவரே. இவன் ஆட வரல, தண்ணிக்குத்தான் வந்திருக்கான். எனக்கு முதல் நாளே தெரியும்."

"குறிச்சு வைங்க" என்றார் வேங்கடபதி.

"கையில கயிறு இருக்கு தலைவரே."